குழந்தையின் தோலில் மஞ்சள் முடிச்சு: கண்ணையும் ஏன் காட்ட வேண்டும்?

கைக்குழந்தையின் தலையிலோ கழுத்திலோ சின்னதாக ஒரு முடிச்சு எழும்புகிறது. முதலில் சிவப்பாக இருக்கும். சில வாரங்களில் மஞ்சளும் பழுப்பும் கலந்த நிறத்துக்கு மாறும். வலியோ அரிப்போ காய்ச்சலோ இருக்காது. வீட்டுப் பெரியவர்கள் பாலுண்ணி என்பார்கள், மரு என்பார்கள். சுண்ணாம்பு வை, தலைமுடியால் சுருக்குப் போடு, தானாக விழுந்துவிடும் என்று ஆளுக்கொரு யோசனை வரும்.

இப்படி வரும் முடிச்சுகளில் ஒரு வகைக்கு ஜுவனைல் ஸாந்தோகிரானுலோமா என்று பெயர். மருத்துவர்கள் ஜே.எக்ஸ்.ஜி. என்று சுருக்கிச் சொல்வார்கள். தோலில் மட்டும் இருந்தால் குழந்தைக்கு இதனால் கெடுதல் இல்லை. ஒன்று முதல் ஐந்து வருடங்களுக்குள் பெரும்பாலும் தானாகவே வற்றிவிடும். ஆனால் இதே செல்கள் அபூர்வமாகக் கண்ணுக்குள் போய்ச் சேர்வதுண்டு. அங்கே காத்திருக்க நேரம் கிடையாது. சில நாள் தாமதம் ஒரு கண்ணின் பார்வையையே பறித்துவிடும். தோலில் இருப்பதைப் பார்த்துக் கலங்க வேண்டாம், கண்ணை மட்டும் ஒருமுறை கண் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை பெற்றோருக்குச் சொல்ல வருவது.

உள்ளே நடப்பது என்ன?

நம் உடம்பின் எதிர்ப்புப் படையில் ஹிஸ்டியோசைட் என்று ஒரு செல் வகை உண்டு. திசுக்களில் தங்கி, கழிவையும் கிருமியையும் விழுங்குவது அதன் வேலை. அந்த வகைச் செல்கள் ஓரிடத்தில் அளவுக்கு மீறிப் பெருகுவதுதான் ஜே.எக்ஸ்.ஜி. பெருகிய செல்கள் கொழுப்பை விழுங்கி வைத்துக்கொள்வதால் முடிச்சுக்கு மஞ்சள் நிறம் வருகிறது. ரத்தத்தில் கொழுப்பு கூடியிருப்பதாக இதற்கு அர்த்தம் இல்லை. இந்தக் குழந்தைகளுக்குக் கொலஸ்ட்ரால் அளவு இயல்பாகவே இருக்கும். ஆகவே பால் கொடுக்கும் தாய் நெய்யையும் நிலக்கடலையையும் தேங்காயையும் நிறுத்த வேண்டியதில்லை. நிறுத்தினாலும் முடிச்சு கரையப் போவதில்லை.

இது தொற்றாது. பக்கத்து வீட்டுக் குழந்தையோடு சேர்ந்து விளையாடலாம், ஒரே தொட்டிலில் படுக்கலாம். புற்றுநோயும் அல்ல. சொந்தத்தில் கட்டியதால் வந்ததா என்ற கேள்வி நம் பக்கத்தில் முதலிலேயே எழும், பெரும்பாலும் குழந்தையின் தாயைப் பார்த்துத்தான் கேட்பார்கள். அதனால் வருவதில்லை. கர்ப்ப காலத்தில் அவர் சாப்பிட்ட எதனாலும் வருவதில்லை.

1905-இல் ஆடம்சன் என்ற ஆங்கிலேயத் தோல் மருத்துவர் இதை முதலில் பதிவு செய்தார். இன்றைய பெயர் 1954-இல் ஹெல்விக், ஹாக்னி என்ற இருவர் வைத்தது. பெரும்பாலும் முதல் வயதுக்குள் தோன்றும். சில குழந்தைகள் இதோடுதான் பிறக்கின்றன. அநேகமாக ஒரே ஒரு முடிச்சுதான் இருக்கும். 2 மில்லிமீட்டரிலிருந்து 2 சென்டிமீட்டர் வரை வளரலாம். தலை, முகம், கழுத்து, மேல் உடம்பு ஆகியவை வழக்கமான இடங்கள்.

தோல் மருத்துவர் டெர்மோஸ்கோப் என்ற உருப்பெருக்கியை வைத்துப் பார்ப்பார். நடுவில் ஆரஞ்சு கலந்த மஞ்சள், ஓரத்தில் சிவப்பு வளையம் தெரிந்தால் சந்தேகம் பெருமளவு தீர்ந்துவிடும். நடுவில் குழி விழுந்திருந்தால் அது மொலஸ்கம் என்ற வைரஸ் கட்டியாக இருக்கலாம். தேய்த்ததும் சிவந்து தடித்தால் மாஸ்டோசைட்டோமா என்ற வேறொன்றாக இருக்கலாம். குழப்பம் நீங்காவிட்டால் மரத்துப்போக ஊசி போட்டு, சில மில்லிமீட்டர் துண்டு எடுத்து பயாப்சிக்கு அனுப்புவார்கள். நுண்ணோக்கியில் நுரை போன்ற செல்களும், கருக்கள் வளையமாக அடுக்கி நிற்கும் டௌட்டன் ராட்சத செல்லும் தெரியும். புதிதாக எழும்பிய முடிச்சில் டௌட்டன் செல் இல்லாமலும் போகலாம், அதனால் சாயச் சோதனையும் செய்வார்கள். அறிக்கையில் சி.டி.68 பாசிட்டிவ், சி.டி.1ஏ நெகட்டிவ் என்று இருந்தால் ஜே.எக்ஸ்.ஜி. பக்கம் சாய்கிறது. சி.டி.1ஏ பாசிட்டிவ் என்றால் லாங்கர்ஹான்ஸ் செல் ஹிஸ்டியோசைட்டோசிஸ் என்ற வேறு நோய், அதன் சிகிச்சைப் பாதையே வேறு. பயாப்சி அறிக்கையை வாங்கியதும் இந்த வரியை மருத்துவரிடம் காட்டிக் கேட்டுவிடுவது நல்லது.

முடிச்சை வெட்டி எடுக்க அவசியமில்லை. வற்றிய இடத்தில் லேசான நிற மாற்றமோ சின்னப் பள்ளமோ மிஞ்சலாம். சுண்ணாம்பு வைத்தால் தோல் வெந்து புண்ணாகிச் சீழ் பிடிக்கும். முடியால் கட்டினால் பாதி அறுந்து ரத்தம் கசியும். தானாகப் போயிருக்க வேண்டியது நிரந்தரத் தழும்பாக நிற்பது இந்த வைத்தியங்களால்தான். கண்ணிமையில் வந்த முடிச்சு மட்டும் விதிவிலக்கு. இமையைக் கீழே இழுத்துக் கண்பாப்பாவை மறைத்தால் அந்தக் கண்ணில் பார்வை வளராது, அதனால் அகற்றியாக வேண்டும்.

கண்ணுக்குள் வந்தால்

தோலில் ஜே.எக்ஸ்.ஜி. இருக்கும் குழந்தைகளில் கண் பாதிப்பு ஆயிரத்தில் மூன்று முதல் ஐந்து பேருக்கு என்பது பழைய கணக்கு. பிற்காலக் கணக்குகள் இன்னும் குறைவாகவே சொல்கின்றன. ஆக, மிக அரிது. அப்படி வந்தவர்களில் பெரும்பாலோர் இரண்டு வயதுக்கு உட்பட்டவர்கள், வருவதும் அநேகமாக ஒரே கண்ணில். தோலில் ஒரு முடிச்சுகூட இல்லாமல் கண்ணில் மட்டும் வருவதும் உண்டு. கண்ணில் வந்து சில மாதங்கள் கழித்துத் தோலில் தோன்றுவதும் உண்டு.

கண்ணில் அதிகம் பாதிக்கப்படுவது ஐரிஸ். கண்பாப்பாவைச் சுற்றி இருக்கும் பழுப்புத் திரை அது. அங்கே செல்கள் திரளும்போது மெல்லிய, எளிதில் கிழியக்கூடிய ரத்தக் குழாய்களும் கூடவே முளைக்கின்றன. அடிபடாமலே, குழந்தை தூங்கி எழும்போதுகூட, அவை கசிந்து கண்ணின் முன்னறையில் ரத்தம் தேங்கும். இதை ஹைஃபீமா என்பார்கள்.

இத்தோடு நிற்பதில்லை. கண்ணுக்குள் ஒரு தெளிந்த நீர் எந்நேரமும் சுரந்து, ஐரிஸும், கண்ணின் முன்பக்கக் கண்ணாடிப் படலமான கார்னியாவும் சேரும் மூலையிலுள்ள சல்லடை வழியாக வடிந்துகொண்டிருக்கும். வாய்க்கால் மடையில் குப்பை சேர்ந்தால் தண்ணீர் பின்வாங்கித் தேங்குவதுபோல, ரத்த அணுக்களும் பெருகிய செல்களும் அந்தச் சல்லடையை அடைத்துவிட்டால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறும். அதுதான் குளுக்கோமா. கைக்குழந்தையின் கண் சுவர் இளகியது. அழுத்தம் தாங்காமல் கண்ணே பெரிதாகும், கார்னியா வெடிப்பு விட்டு மங்கும். ரத்தமும் அழுத்தமும் சேர்ந்து நீடித்தால் கார்னியாவுக்குள் ரத்தக் கறை படியும், அது தெளியப் பல மாதங்கள் பிடிக்கும். அந்த மாதங்களில் மூளை அந்தக் கண்ணைப் பயன்படுத்தக் கற்றுக்கொள்ளாமல் போவதால் சோம்பேறிக் கண் ஆகிவிடும். கண்ணைக் காப்பாற்றியும் பார்வை இல்லாமல் போவது இந்த வழியில்தான்.

சிம்மர்மன் என்ற அமெரிக்கக் கண் நோயியல் வல்லுநர் 1965-இல் இது ஐந்து வடிவங்களில் வெளிப்படும் என்று வகுத்தார்: தொந்தரவில்லாத ஐரிஸ் கட்டி, ஒரு கண்ணில் மட்டும் குளுக்கோமா, அடிபடாமல் வரும் ரத்தக் கசிவு, உள்வீக்கத்தோடு சிவந்த கண், இரண்டு கண்களின் நிறம் வேறுபடுதல். அந்தப் பட்டியல் இன்றும் பயன்படுகிறது. நம் குழந்தைகளுக்கு ஐரிஸ் கரும்பழுப்பு என்பதால் மஞ்சள் கட்டி சட்டென்று கண்ணில் படாது. ஒரு கண் மட்டும் வெளிறியோ செம்மை தட்டியோ இருப்பதை ஜன்னல் ஓர வெளிச்சத்தில் இரண்டையும் ஒப்பிட்டால்தான் பிடிக்க முடியும்.

வீட்டில் பார்க்கும்போது ஒரு நுணுக்கம் இருக்கிறது. குழந்தை படுத்தே இருந்தால் ரத்தம் முன்னறை முழுக்கப் பரவி, கண் கலங்கியது போல மட்டும் தெரியும். சிறிது நேரம் தோளில் நிமிர்த்திச் சாய்த்து வைத்திருந்து பாருங்கள். ரத்தம் கீழே படிந்து, ஐரிஸின் அடிப்பகுதியில் சிவப்புக் கோடாக மட்டம் கட்டி நிற்கும். வெளிச்சத்தில் கண்ணை இறுக மூடிக்கொள்வது, ஓயாமல் நீர் வடிவது, ஒரு கண்ணின் கருப்பு வட்டம் மற்றதைவிடப் பெரிதாகத் தெரிவது, பளபளப்பு குறைந்து புகை படிந்தது போலிருப்பது ஆகியவையும் அடையாளங்கள். ‘பெரிய கண்ணு, அழகா இருக்குது’ என்று சொந்தக்காரர்கள் கொஞ்சும் அந்தக் கண்ணே அழுத்தத்தால் பெருத்ததாக இருக்கலாம்.

இதை மெட்ராஸ் ஐ என்று நினைத்து விடுவதுதான் நாள் கடப்பதற்கு முக்கியக் காரணம். மெட்ராஸ் ஐ வந்தால் பீளை தள்ளும், இமை ஒட்டிக்கொள்ளும், பெரும்பாலும் அடுத்த கண்ணுக்கும் வீட்டில் மற்றவர்களுக்கும் பரவும். கார்னியா பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும். பீளை இல்லாமல், ஒரே கண்ணில், சிவப்பும் வெளிச்சக் கூச்சமுமாக இருந்தால் மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கிப் போடக் கூடாது. கடையில் தரும் சொட்டுகளில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் சிவப்பு தற்காலிகமாக அடங்கும், உள்ளே அழுத்தம் ஏறிக்கொண்டிருக்கும், நோய் மறைந்து நிற்கும். தாய்ப்பால், விளக்கெண்ணெய், பன்னீர் எதையும் கண்ணில் விட வேண்டாம்.

ரத்தம் தெரிந்தால் அன்றைக்கே கிளம்ப வேண்டும்

கோவை, திருப்பூர், பெருந்துறை, கரூர், நாமக்கல், சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் ஏதாவது ஒன்றுக்கோ, கோவையில் குழந்தைகளுக்கெனத் தனிப் பிரிவு வைத்திருக்கும் கண் மருத்துவமனைக்கோ நேராகப் போய்விடலாம். தாளவாடியிலிருந்து திம்பம் இறங்கியோ, வால்பாறையிலிருந்து ஆழியாறு வழியாகவோ வருகிறவர்கள் குழந்தையைப் படுக்கப் போடாமல் மடியில் தலை உயர்த்தி வைத்துக்கொண்டு வர வேண்டும். ரத்தம் கீழே படிந்தால்தான் கண்பாப்பா திறந்திருக்கும், மருத்துவருக்கும் உள்ளே தெரியும். கண்ணைக் கசக்க விடக் கூடாது. வலிக்கோ காய்ச்சலுக்கோ பாரசிட்டமால் போதும். ஆஸ்பிரினும் இபுபுரூஃபெனும் ரத்தக் கசிவைக் கூட்டும், கொடுக்கக் கூடாது.

கடைசியாகப் பால் கொடுத்த நேரத்தைக் குறித்து வையுங்கள். கைக்குழந்தையின் கண்ணை முழுதாகச் சோதிக்கப் பெரும்பாலும் மயக்கம் கொடுக்க வேண்டியிருக்கும். அதற்கு வழக்கமான கணக்கு: தாய்ப்பால் கொடுத்து 4 மணி நேரம், பசும்பாலோ பவுடர் பாலோ என்றால் 6 மணி நேரம், வெறும் தண்ணீர் என்றால் 2 மணி நேரம். பால் குடித்த குழந்தைக்கு மயக்கம் கொடுத்தால் வாந்தி நுரையீரலுக்குள் போகும். அழுகிறதே என்று அம்மிச்சி ஒரு பாலாடை புகட்டிவிட்டால் சோதனை அரை நாள் தள்ளிப் போகும். கூட வருகிறவர்கள் எல்லோருக்கும் இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

மயக்கத்தில் கண் அழுத்தம், கார்னியாவின் குறுக்களவு, ஐரிஸ், விழித்திரை எல்லாவற்றையும் பார்ப்பார்கள். பிறந்த குழந்தைக்குக் கார்னியா சுமார் 10 மில்லிமீட்டர். ஒரு வயதுக்குள் 12-ஐத் தாண்டினால் சந்தேகம். ரத்தம் மறைத்து விழித்திரை தெரியாவிட்டால் ஸ்கேன் எடுப்பார்கள், அதைத் தவிர்க்க முடியாது. ரெட்டினோபிளாஸ்டோமா என்ற குழந்தைக் கண் புற்றுநோயும் இதே போல ரத்தத்தோடு வரக்கூடும். அது இல்லை என்று உறுதியாகாமல் கண்ணுக்குள் ஊசி விட்டு நீர் எடுத்தால் புற்றுச் செல்கள் வெளியே பரவும் ஆபத்து உண்டு. ரத்தப் புற்று, ரத்தம் உறையாத குறைபாடுகள் ஆகியவற்றுக்கும் ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள்.

குழந்தை விழுந்ததா, யாராவது அடித்தார்களா என்று மருத்துவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். குழந்தைக் கண்ணில் ரத்தம் என்றால் அடிபட்டதுதான் பெரும்பாலும் காரணம், கேட்பது அவர்கள் கடமை. குற்றம் சாட்டுவதாக எடுத்துக்கொள்ளாமல் உள்ளதைச் சொல்லுங்கள். உடம்பில் எங்கேயாவது மஞ்சள் முடிச்சு இருந்தால், முடி மூடிய உச்சந்தலையில் இருந்தால்கூட, மறக்காமல் காட்டுங்கள். தோல் முடிச்சில் எடுக்கும் சின்ன பயாப்சி, கண்ணுக்குள் கத்தி வைக்க வேண்டிய தேவையைப் பல நேரங்களில் தவிர்த்துவிடும்.

சிகிச்சையின் முதுகெலும்பு ஸ்டீராய்டு சொட்டு, வழக்கமாகப் பிரெட்னிசொலோன் அசிடேட் 1%. ஆரம்பத்தில் விழித்திருக்கும் நேரமெல்லாம் ஒன்றிரண்டு மணிக்கு ஒரு முறை, பிறகு பல வாரங்களில் படிப்படியாகக் குறைப்பார்கள். கண்பாப்பாவை விரித்து வைக்கும் சொட்டும் சேரும். அழுத்தத்துக்குத் தனிச் சொட்டு உண்டு, ஆனால் பெரியவர்களுக்குக் கொடுப்பதை எடுத்துப் போடக் கூடாது. பிரிமொனிடின் இரண்டு வயதுக்குக் கீழே குழந்தையை மயங்க வைத்து மூச்சை அடக்கும். டிமொலால் மூச்சுத் திணறலும் நாடித் துடிப்புக் குறைவும் தரலாம், அதனால் கவனத்தோடு குறைந்த அளவில்தான். சொட்டுக்கு அடங்காவிட்டால் கண்ணைச் சுற்றி ஸ்டீராய்டு ஊசி, வாய்வழி ஸ்டீராய்டு என்று அடுத்த படிகள் உண்டு. முன்பு குறைந்த அளவு கதிர்வீச்சும் கொடுத்தார்கள், இப்போது அது அபூர்வம். ரத்தம் வடியாமல் அழுத்தம் ஏறிக்கொண்டே போனால் கழுவி எடுக்கும் அறுவை தேவைப்படும்.

பிரெட்னிசொலோன் அசிடேட் அடியில் படியும் மருந்து. குலுக்காமல் விட்டால் தண்ணீர்தான் கண்ணில் விழும், மருந்து பாட்டிலிலேயே தங்கிவிடும். நன்றாகக் குலுக்கி, கீழிமையை இழுத்து ஒரு சொட்டு விட்டு, கண்ணை மூடி, மூக்கோரத்து மூலையை ஒரு நிமிடம் மெதுவாக அழுத்திப் பிடிக்க வேண்டும். அப்படிச் செய்தால் மருந்து மூக்கு வழியாக ரத்தத்தில் கலப்பது குறையும். அடுத்த சொட்டுக்கு 5 நிமிடம் இடைவெளி. திறந்த பாட்டிலை ஒரு மாதத்துக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது.

சிவப்பு போய்விட்டது என்று பெற்றோரே நிறுத்திவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. திடீரென நிறுத்தினால் உள்வீக்கம் திரும்பும், மறுபடி கசியும். நீண்ட நாள் போட்டால் ஸ்டீராய்டே அழுத்தத்தையும் கண்புரையையும் கொண்டு வரும். இந்த இரண்டுக்கும் நடுவில் அளவைப் பிடிக்க வேண்டியிருப்பதால்தான் வாராவாரம் வரச் சொல்கிறார்கள். வாய்வழி ஸ்டீராய்டு கூடுதல் அளவில் இரண்டு வாரத்துக்கு மேல் போனால், ரோட்டா, வாய்வழிப் போலியோ, 9-ஆம் மாதத் தட்டம்மை போன்ற உயிருள்ள தடுப்பு மருந்துகளைத் தள்ளிப் போட வேண்டும். கிராம சுகாதார செவிலியரிடம் இதை மருந்துச் சீட்டோடு சொல்லிவிட வேண்டும். அவருக்குத் தானாகத் தெரிய வழியில்லை.

கண் தெளிந்த பிறகும் வேலை முடிவதில்லை. கண்ணாடி தேவையா என்று பார்த்து, நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் ஒட்டுப் போட்டு மூடி, பலவீனப்பட்ட கண்ணை வேலை வாங்க வேண்டும். குழந்தை பிய்த்து எறியும், அழும். தறிக்கும் பனியன் கம்பெனிக்கும் ஷிப்ட் போகும் வீடுகளில் குழந்தையைப் பகலில் பார்த்துக்கொள்பவர் பாட்டியாகத்தான் இருப்பார். ஒட்டுப் போடும் முறையை மருத்துவமனையில் அவருக்கும் நேரில் காட்டச் சொல்லுங்கள்.

மற்ற உறுப்புகள்

ஈரல், மண்ணீரல், நுரையீரல், எலும்பு, சிறுநீரகம், மூளை என எங்கும் இந்தச் செல்கள் கூடலாம், அதுவும் அரிதுதான். நுரையீரலில் வந்தவை பல நேரம் தொந்தரவே தருவதில்லை. கவலைப்பட வேண்டியவை ஈரலும் மூளையும். பிறந்த சில வாரங்களிலேயே உடம்பெங்கும் முடிச்சுகள், கூடவே குறையாத மஞ்சள் காமாலை, வயிறு உப்பல் என்றால் ஈரல் சோதனையும் வயிற்று ஸ்கேனும் உடனே தேவை. வலிப்பு, நடை தடுமாற்றம், அடங்காத தாகத்தோடு ஓயாத சிறுநீர் என்றால் மூளைக்கு எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். உறுப்பைப் பாதித்தால் குழந்தைகள் ரத்தவியல், புற்றியல் நிபுணர் பார்ப்பார். வின்பிளாஸ்டின் ஊசியும் ஸ்டீராய்டும் வழக்கமான தொடக்கம். கீமோ மருந்தின் பெயரைக் கேட்டதும் புற்று என்று கலங்க வேண்டாம், செல்கள் பெருகுவதை அடக்கத்தான் அது. எந்தத் தொந்தரவும் இல்லாமல் ஒரே ஒரு தோல் முடிச்சு இருக்கும் குழந்தைக்கு இத்தனை ஸ்கேனும் தேவையில்லை.

ஒன்றை மட்டும் வீட்டிலேயே எண்ணிப் பார்க்கலாம். பால் கலந்த காபி நிறத்தில் தட்டையான திட்டுகள், 5 மில்லிமீட்டருக்கு மேற்பட்டவை, ஆறோ அதற்கு மேலோ இருந்தால் நியூரோஃபைப்ரோமட்டோசிஸ் வகை 1 என்ற மரபு நிலையைச் சந்தேகிக்க வேண்டும். அதுவும் ஜே.எக்ஸ்.ஜி.யும் சேர்ந்திருக்கும் குழந்தைகளில் ஒரு வகை ரத்தப் புற்று அபூர்வமாக வருவதுண்டு. இந்தத் தொடர்பு எவ்வளவு வலுவானது என்பதில் நிபுணர்களிடையே இன்னும் வாதம் நடக்கிறது. வெளிறல், விடாத காய்ச்சல், இடது விலாவுக்குக் கீழே மண்ணீரல் வீக்கம், தோலில் ரத்தப் புள்ளிகள் ஆகியவற்றைக் கவனித்து வந்து, தென்பட்டால் ரத்த அணுக்கள் எண்ணிக்கை பார்த்தால் போதும்.

எத்தனை முறை கண் காட்டுவது?

தோலில் ஜே.எக்ஸ்.ஜி. உள்ள எல்லாக் குழந்தைக்கும் கண் சோதனை வேண்டுமா என்பதில் மருத்துவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. இரண்டு வயதுக்குக் கீழே, பல முடிச்சுகள் இருந்தால் கட்டாயம் என்கிறார்கள் பலர். ஒற்றை முடிச்சு உள்ள குழந்தைக்கும் ஒருமுறை பார்த்துவிடுவதே மேல் என்பது நம் பரிந்துரை. தொந்தரவில்லாத கண்ணுக்குச் சில நிமிட வெளிப்பார்வையே போதும், மயக்கம் வேண்டாம், இழப்பதற்கும் ஒன்றுமில்லை. பல முடிச்சுகள் என்றால் இரண்டு வயது வரை மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை.

முடிச்சின் பக்கத்தில் காகித அளவுகோல் வைத்து மாதம் ஒரு படம் பகல் வெளிச்சத்தில் எடுத்து வையுங்கள். பயாப்சி எடுத்திருந்தால் அறிக்கையோடு, எடுத்த துண்டைப் பதித்து வைத்திருக்கும் மெழுகுக் கட்டியையும் ஸ்லைடையும் மருத்துவமனையிடம் கேட்டு வாங்கலாம். ஊர் மாறிக் காட்டும்போது மறுபடி வெட்டாமல் அதையே திரும்பச் சோதிப்பார்கள். அறுவையோ ஊசிச் சிகிச்சையோ தேவைப்பட்டால், சேர்க்கைக்கு முன்பே முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டப் பிரிவில் காப்பீட்டு அட்டையையும் குடும்ப அட்டையையும் காட்டி, அந்தச் சிகிச்சை திட்டத்தில் வருகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அரசு மருத்துவக் கல்லூரியில் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு சேவை மையம் இருந்தால் குழந்தையின் பெயரை அங்கே பதிந்து வைக்கலாம். பார்வை வளர்ச்சியைத் தொடர்ந்து கவனிக்க அது வழி செய்யும்.